ஃபிளஷ் சத்தம்

குழாய் வேலை பார்க்கிறவரின் மகளுக்குக் கழிப்பறை ஃபிளஷ் சத்தம் ஆகாது என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவருக்கே முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வீடு வரும்வரை அடக்கி அடக்கியே சிறுநீர்த் தொற்று வந்து, மகள் காய்ச்சலில் அனத்தியபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அவளுக்கு ஏழு வயது. அவர் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். விளம்பரம், செய்தி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எது காதில் விழுந்தாலும் ஏற்ற இறக்கம் மாறாமல் அப்படியே திருப்பிச் சொல்வாள். “இவ்வளவு வாயடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?” என்று ஆளாளுக்குச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. காய்ச்சல் விட்ட பிறகு, பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள்.

குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. அங்கே பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், அதே மருத்துவமனையின் வேறொரு டாக்டர் ரேடியோவைப் பலமுறை வரவழைத்து, விளையாட விட்டு, பேச விட்டுப் பார்த்து, “ஆட்டிசம்” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அழவில்லை. “அப்போ நாம வளர்த்தது தப்பில்லைங்க,” என்றாள். அவருக்கும் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

அந்த நிம்மதி கீழ்த்தளத்தில் முறை வரும்வரைதான் நீடித்தது. வரவேற்பில் இருந்த பெண் டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு, “ஆட்டிசமா? அப்போ இது எங்க கேஸ் இல்ல சார். மூணாவது மாடிக்குப் போங்க,” என்றாள். மூன்றாவது மாடியில், “பேச்சுப் பயிற்சி, ஸ்கூல்ல உதவி எல்லாம் நாங்க பண்ணித் தருவோம். பயத்துக்குக் கீழதான் பாக்கணும்,” என்றார்கள். ரேடியோ படிக்கட்டில் இறங்கும்போது “இது எங்க கேஸ் இல்ல சார்” என்று அந்தப் பெண்ணின் குரலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் நின்றபடி பொருமினார். “அந்த வார்த்தைய வாங்கிட்டு வந்ததுதான் தப்பு. வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆட்டிசம்னு மூச்சு விட வேணாம். வெறும் பயம்னு சொல்லுவோம்.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “சொன்னா? உன் மனசுல என்ன தோணுதுன்னு கேப்பாங்க. இவ சோப்பு விளம்பரம் சொல்லுவா. திமிரு பிடிச்ச பிள்ளைன்னு எழுதி அனுப்பிடுவாங்க. எதையும் மறைக்க வேணாங்க. மேல நமக்குன்னு ஒரு அம்மாவப் போட்டிருக்காங்களே, லீவுல இருந்தாங்க. நாளைக்கு அவங்களப் போய்ப் பாருங்க.”

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், கருவிப் பையோடு மூன்றாவது மாடி ஏறினார். ஆட்டிசம் என்று கண்டறிந்த பிள்ளைகளின் குடும்பத்துக்கு வழிகாட்ட நியமித்திருந்த அந்த அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டுக் கணினியைத் தட்ட ஆரம்பித்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

“என் பொண்ணுக்குக் கால் உடைஞ்சா, ஆட்டிசம்னு சொல்லிக் கட்டுப் போடாம விட்டுடுவீங்களா மேடம்?” என்று கேட்டேவிட்டார்.

அந்த அம்மா கணினியிலிருந்து கையை எடுத்தார். “விட மாட்டோம். வாங்க, ரெண்டு பேரும் கீழ போவோம்.” லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

உள்ளே என்ன பேசினார்களோ, கொஞ்ச நேரத்தில் பிரிவின் தலைமை மருத்துவரே வெளியே வந்தார். “உங்கள திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. ஆட்டிசம் இருந்தா பயத்தப் பாக்க மாட்டோம்னு ஒண்ணும் இல்ல. பாக்கற விதத்த மாத்திக்கணும், அவ்வளவுதான். முன்னாடியே தெரிஞ்சது நல்லதாப் போச்சு,” என்றவர், கருவிப் பையைப் பார்த்தார். “நீங்க என்ன வேலை?”

“பிளம்பர்ங்க.”

மருத்துவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்போ வரும்போது ஒரு ஃபிளஷ் டேங்க் கொண்டு வாங்களேன்.”

பழைய டேங்க் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, தோளில் சுமந்து போனார். மருத்துவர் விளக்குகளைக் குறைத்துவிட்டு, யாரும் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். தண்ணீர் இல்லாத டேங்க்கின் மூடியைத் திறந்து வைத்தார்கள். ரேடியோ மூலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பந்து எதுக்கு?”

“அதுதான் மிதவை, கண்ணு,” என்றார் அப்பா. “தண்ணி ஏற ஏற மேல வரும். மேல வந்ததும் தண்ணி தானா நின்னுடும்.”

“நின்னுடுமா? எப்பவுமா?”

“எப்பவும்.”

இவ்வளவு நாளும் அவள் பயந்தது அந்தச் சத்தம் நிற்கவே நிற்காதோ என்றுதான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மருத்துவர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தண்ணீர் ஊற்றிய அன்று அறையை விட்டே ஓடினாள். பிறகு, மிதவை தெரிகிற மாதிரி மூடியைத் திறந்து வைத்தால் சரி என்றாள். அதற்குள் மூன்றாவது மாடி அம்மா பள்ளியில் பேசி, ஆசிரியர்களின் தனிக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். காதை மூடும் கருவியும் வந்தது. சீட்டில் அந்த வார்த்தை இருந்ததால், தலைமையாசிரியர் மறுபேச்சு பேசவில்லை. ரேடியோ மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில் அவர் குனிந்து கசிவைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவிக்கு மூச்சிரைத்தது. “ஏங்க, போயிட்டாளாம்! தானா போய், தானே ஃபிளஷ் பண்ணிட்டு வந்தாளாம். டீச்சர் போன் பண்ணாங்க!”

அவர் கவிழ்த்து வைத்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டுக்காரம்மா பதறி ஓடி வந்தார்.

“என்னப்பா, எங்க லீக்குன்னு தெரிஞ்சுதா?”

“இல்லம்மா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என் பொண்ணு ஸ்கூல்ல பாத்ரூம் போயிட்டா.”