படிகாரம் போட்ட குளம்

ராவுத்தர்குளத்துப் பள்ளிவாசல் குளம் தெளிந்துவிட்டது. படித்துறையில் நின்ற ஊர்ஜனம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தது. "அடிப்படி வரைக்கும் தெரியுதுப்பா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. அப்துல் மாலிக்குக்கு மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்கக் குமட்டிக்கொண்டு வந்தது.

குமட்டாமல் என்ன செய்யும்? அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறதென்று ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதைத் தெளிய வைத்த புண்ணியவானும் அவன்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டின ஊர் அது. எங்கே கிணறு தோண்டினாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சடை பிடிக்கும். நல்ல தண்ணீருக்கு இருந்தது குளம் ஒன்றுதான். அதற்கு மேட்டிலே இடம் பார்த்து, தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு வைத்தார் மாலிக்கின் தாய்மாமன் அப்துல் ஜலீல். ஆறே மாதத்தில் குளம் நாசமாய்ப் போயிற்று. ஆவாரம்பட்டைச் சாறு, சுண்ணாம்பு, ஆட்டுமயிர், கொழுப்பு எல்லாம் ஒன்றாய்க் குழைந்து வடிந்து வந்து, தண்ணீர் கறுஞ்சிவப்பில் நுரை தள்ளியது. செத்த எலியை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு நாற்றம். காற்று திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியாது.

லால்பேட்டையில் ஓதி வந்து பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் அப்போதே வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்: "நிறம், வாடை, ருசி. மூணுல ஒண்ணு மாறினாலே அந்தத் தண்ணி ஒளுவுக்கு ஆகாது. இங்க மூணுமே மாறிப்போச்சு. யாரும் தொடாதீங்க." அன்றிலிருந்து, தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுகிற ஒளுவுக்குக்கூட யாரும் குளத்தில் இறங்கவில்லை; பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேற்கு வாய்க்காலுக்கு நடையாய் நடந்தார்கள். ஜலீல் மாமாவை முகத்துக்கு நேரே ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? வீட்டுக்கு ஒருத்தன் அவர் ஷாப்பில் வேலை பார்த்தான்.

இப்படி இருக்கையில்தான், அறுபத்தாறாம் வருஷம் தை மாதம், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். 'தொழில் வளர்ச்சியும் விஞ்ஞானமும்' என்பது தலைப்பு. சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்த மாலிக் மேடையேறி வெளுத்து வாங்கினான். கண்ணாடி ஜாடி நிறையச் சாக்கடைத் தண்ணீர். அதில் கொஞ்சம் படிகாரம், கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு பிடி கரித்தூள். கலக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். பேச்சு முடிகிற நேரத்தில் ஜாடி பளிங்காய்த் தெளிந்து நின்றது.

"நிறமும் நாற்றமும் போய்விட்டால் கழிவு நீர் கழிவு நீரே அல்ல!" என்று கையை உயர்த்தினான். பந்தலே கைதட்டியது. வெள்ளி முலாம் பூசிய கோப்பையை முதல் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஜலீல் மாமா எழுந்து நின்று தட்டினார். தட்டி முடித்து வெளியே வந்ததும் மருமகன் தோளில் கை போட்டு, "மருமவனே, அந்த ஜாடி வித்தையை நம்ம ஷாப்புலயும் செய்யலாமா?" என்று கேட்டார்.

செய்யலாம் என்று இவன்தான் சொன்னான். அது மட்டுமா? தொட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம், படிகாரம் எந்தத் தொட்டியில், கரி எந்தத் தொட்டியில் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தி, தரையில் கோடு போட்டுக் காட்டினான். மாமா குளத்தைச் சுத்தமாய் இறைத்து, பழைய சாக்கடையைக் கழியில் தள்ளிவிட்டார். ஒரு தடவை வாய்க்கால் தண்ணீரை நிரப்பினார். அதற்கப்புறம் குளத்துக்கு வந்ததெல்லாம் தொட்டியில் தெளிந்த தோல்ஷாப்புத் தண்ணீர்தான்.

ஹஜ்ரத் திரும்பவும் வந்தார். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். "நிறம் சரி, வாடை சரி, ருசியும் சரி. ஒளு செய்யலாம்" என்றார். அன்று சாயங்காலமே வாய்க்கால் நடை நின்றது. வீட்டுக்கு வீடு குளத்துத் தண்ணீரில் சோறு பொங்கினார்கள். மாலிக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு, கல்லூரி வாத்தியார் தட்சிணாமூர்த்தியிடம் பீற்றிக்கொள்ள சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குப்பா. தோல்ல முடி எறங்க உங்க மாமா என்ன போடறார்?"

"சுண்ணாம்பும் மனோசிலையும் சார்."

"மனோசிலையா?" அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அது பாஷாணமாச்சே!"

துத்தநாகத்தையும் அமிலத்தையும் குடுவையில் போட்டு, இந்தத் தண்ணீரையும் அதில் ஊற்றி, எழும்பின வாயுவை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக விட்டு, குழாயைச் சூடு காட்டினார்கள். குழாயின் உள்பக்கம் மையைத் தடவிப் பளபளப்பேற்றின மாதிரி கறுப்பு படிந்தது. ஆர்சனிக். எலிக்கு வைக்கிற அதே பாஷாணம். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. படிகாரம் அழுக்கை அடியில் இழுத்துப் போட்டது, கரி நாற்றத்தைத் தின்றது, விஷம் பாட்டுக்குத் தண்ணீரோடு கிளம்பிக் குளத்துக்குப் போயிற்று. 'சே! நாற்றம் அடித்த வரைக்கும் ஊர் பிழைத்துக் கிடந்தது. நான் போய் நாற்றத்தை எடுத்துவிட்டேன்.'

விடுதிக்குப் போய்ச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அப்படியே எழுந்து போய்விட்டான். தெளிவு வேறு, சுத்தம் வேறு. இந்தச் சின்ன விஷயம் தெரியாமலா கோப்பை வாங்கினோம்? மாமா இறைத்து விட்ட பழைய தண்ணீர் என்னவாயிற்று? கழிக்குப் போயிற்று. கழியில் இறால் இருக்கிறது, மீன் இருக்கிறது, அதை வலை போட்டுப் பிடிக்கிற கிள்ளை ஊர்ச் சனம் இருக்கிறது. போடா என்று துரத்தினால் போய்விட விஷம் என்ன நாயா? ஒரு வாசலில் தள்ளினால் இன்னொரு வாசல் வழியாகச் சட்டிக்கே வந்து சேரும். புத்தகத்தில் இரும்பும் உரமும் எப்படி உண்டாகிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. மிச்சம் எங்கே போகிறதென்று ஒரு வரி இல்லை. அவனும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலிக்கின் தங்கை மலிகாவுக்கும் ஜலீல் மாமாவின் மகனுக்கும் நிக்காஹ். ஊர் முழுக்க விருந்து. தேக்சா தேக்சாவாக பிரியாணி வேகப்போவது அந்தக் குளத்துத் தண்ணீரில்தான். ஊருக்குத் திரும்பி, புதன்கிழமை பொழுது விடிந்ததும் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு மாலிக் தோல்ஷாப்புக்கு ஓடினான்.

மாமா அடுக்கி வைத்த பச்சைத் தோல் அட்டிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தோலின் கழுத்து மடிப்பில் புழு நெளிந்தது. காலடியில் கொழுப்பும் ஈயும். அதற்கு நடுவே அவர் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். மாலிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"மாமா, மனோசிலையை நிறுத்துங்க. குளத்துக்கு விடறதையும் நிறுத்துங்க. தண்ணி பூரா விஷம்."

"நிறுத்திட்டு? முடியைப் பல்லால கடிச்சு எடுக்கறதா? மெட்ராஸ்காரன் நம்ம தோலைத் திரும்பிப் பாப்பானா?" குழாயை வாங்கிப் பார்த்தார். "என்னப்பா இது, வெளக்குச் சிம்னியில கரி பிடிச்ச மாதிரி இருக்குது. இதைக் காட்டியா ஊரை மெரட்டப் போறே? பொண்ணு குடுக்கற வூட்டுப் பிள்ளை பேசற பேச்சா இது?"

"ஜமாஅத்துல சொல்லுவேன் மாமா."

"தாராளமாச் சொல்லு."

வியாழக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் முற்றத்தில் ஊர் ஜமாஅத் கூடியது. மாலிக் குழாயைத் தூக்கிக் காட்டிப் பேசினான். மஞ்சக்குப்பத்தில் வந்த பேச்சு இங்கே வரவில்லை, நாக்குக் குழறியது. ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "விஷம்னு ருசு ஆனா, தெளிவா இருந்தாலும் குடிக்கக் கூடாதுதான் தம்பி. அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா இந்தக் குழாயைப் பார்த்து எனக்கு ஒண்ணும் வெளங்கலியே" என்றார்.

அதற்குள் ஜலீல் மாமா ஆளை அனுப்பி மாலிக் வீட்டு அலமாரியிலிருந்து பரிசுக் கோப்பையை வரவழைத்திருந்தார். குளத்தில் இறங்கிக் கோப்பை நிறைய மொண்டார். "இந்தத் தொட்டி, படிகாரம், கரி, எல்லாம் சொல்லிக் குடுத்ததே இந்தப் பிள்ளைதான். கடலூர்ல சர்க்கார் ஆளுங்க முன்னாடி பரிசு வாங்கினதும் இதுக்குத்தான். அப்ப சுத்தம், இப்ப விஷமா? பிஸ்மில்லாஹ்!" என்று ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு ஏப்பம் விட்டார்.

ஒரு கோப்பையில் ஒருவரும் சாக மாட்டார் என்று மாலிக்குக்குத் தெரியும். நாள் கணக்கில், மாதக் கணக்கில் உள்ளே போய்த்தான் அது ஆளைத் தின்னும். அதை இனி யாரிடம் சொல்ல? முற்றமே சிரித்தது. அந்த ஏப்பம் அவன் காதுக்குள்ளேயே நின்றது. த்தூ!

வீட்டில் மலிகா கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் அழவில்லை. "நீ சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும். ஆனா நான் வாழப்போறதும் பெத்துக்கப்போறதும் அந்தத் தண்ணியிலதானே?" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியை மென்றுகொண்டிருந்தவனுக்குக் கடைசியில் ஒரே ஒரு வழிதான் தட்டுப்பட்டது. அந்த வழியை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. குழாயைக் காட்டினால் ஊர் நம்பாது. நிறமும் வாடையும் மாறினால் ஒருத்தரும் கேள்வி கேட்காமல் நம்பும்.

வெள்ளிக்கிழமை தோல்ஷாப்புக்கு லீவு. மதியம் ஜும்ஆத் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் ஆம்பிளை என்று பேர் உள்ள அத்தனை பேரும் குளத்தில் ஒளு செய்து, வாய் கொப்பளித்து, பள்ளிவாசலுக்குள் போனார்கள். மாலிக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். பிறந்ததிலிருந்து அவன் வேண்டுமென்றே விட்ட முதல் ஜும்ஆ அது.

முதல் தொட்டியில் இறங்கினான். முழங்கால் வரை கூழ். உள்ளே மயிர்க்கற்றை கணுக்காலைச் சுற்றியது. கொழுப்புக் கட்டிகள் முழங்காலில் உரசி வழுக்கிக்கொண்டு போயின. இரண்டு தடவை வாந்தி எடுத்தான், அதுவும் அந்தக் கூழிலேயே விழுந்தது. குளத்துக்குப் போகிற பழைய சாக்கடைக் கால்வாயை அடைக்க அவன் கோடு போட்டுக் கொடுத்த மதகுப் பலகை அங்கே இருந்தது. எந்த இடத்தில் குத்தினால் பெயரும் என்று அவனுக்கா தெரியாது? நாலு குத்தில் பெயர்ந்தது. மூன்று வாரத்துச் சாக்கடையும் திமுதிமுவென்று இறங்கிக் குளத்தில் விழுந்தது. அடிப்படி மறைந்தது, நடுப்படி மறைந்தது, வாய்க்கால் தண்ணீரோடு வந்திருந்த கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விஷத்திலிருந்து ஊரைக் காப்பாற்ற ஊர்க் குளத்தில் விஷம் கொட்டுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தான். தன் கையைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்துறையில் நின்றது. ஹஜ்ரத் துண்டால் வாயை மூடிக்கொண்டு, "நிறமும் வாடையும் மாறிப்போச்சு. ஒளுவுக்கும் ஆகாது, உலைக்கும் ஆகாது. யாரும் தொடாதீங்க" என்றார். மேட்டிலிருந்து இறங்கி வந்த மாலிக்குக்கு அது காதில் விழுந்ததும் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷம் யாரோ, "மாலிக்கை ஜும்ஆவுல காணலியே?" என்றார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. முழங்கால் வரை கறுஞ்சிவப்போடு அவன் நின்றான். ஒளிய இடமில்லை, ஒளியவும் தோன்றவில்லை.

ஜலீல் மாமா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "தெளிய வச்சவனும் நீ, கெடுத்தவனும் நீயா? அல்லாஹ் வூட்டுக் குளத்துல சாக்கடையை விட்ட கையால உன் தங்கச்சியை என் வூட்டுக்கு அனுப்புவியா? நிக்காஹும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போடா!" உடனே திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "நிக்கறீங்களே! பலகையை அடைங்கடா. படிகாரத்தை எடுத்தாங்க. ஒரே மாசத்துல திரும்பத் தெளிய வச்சுக் காட்டறேன்."

ஒரே மாதம். அவ்வளவுதான் மாலிக் சம்பாதித்தது.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா ஜொஹரா பீவி நடையில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து, "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டானே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். மலிகா ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். கையில் மருதாணி சிவப்பாகப் பிடித்திருந்தது.

"காலைக் கழுவிக்கிட்டு உள்ள வாண்ணே. நாறுது."

"எந்தத் தண்ணி?"

"காலையில கொளத்துல மொண்டது. நல்லாத் தெளிஞ்சிருக்கு."

மாலிக் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். செம்பின் அடி தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். மலிகா செம்பைத் தெருவில் கவிழ்த்தாள். உள்ளே போய்க் குடத்தை இடுப்பில் தூக்கி வந்து கவிழ்த்தாள். இன்னொரு குடத்தையும் கொண்டு வந்தாள். "அடியே, குடிக்க என்னடி பண்றது?" என்று அம்மா அலறினாள்.

"மஞ்சக்குப்பத்துல அவ்வளவு சனம் இருந்துச்சே," என்றாள் மலிகா, குடம் காலியாகிக்கொண்டே இருக்க. "ஜாடியில தெளிஞ்ச அப்பறம் உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தராவது கேட்டாங்களாண்ணே?"

"யாரும் கேக்கலை," என்றான் மாலிக். "கோப்பையைத்தான் குடுத்தாங்க."