ஒரு பை முற்றிய இலை

மாமியாரிடம் நான் கேட்டது இரண்டே பை. ஒன்றில் தேயிலைக் கொழுந்து, இன்னொன்றில் செடியின் அடியில் தடித்துக் கிடக்குமே, அந்த முற்றிய இலை. உடம்புக்கு நல்லது செய்யும் சத்து எதில் எவ்வளவு என்று ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி. அத்தை முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். எனக்கு வேறென்ன கவலை?

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பைகள் நேற்று சாயங்காலம் வந்தன. பிரித்தால் இரண்டிலும் கொழுந்து.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும், ஊரறிந்த விஷயம். இலைச் சாற்றை அளக்கும் மிஷினில் மறுநாள் மதியம் என் முறை. அதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான். ஆய்வேட்டைக் கொடுக்க இருப்பதோ மூன்று வாரம். போனை எடுத்தேன்.

"முத்தின இலைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அத்தை."

"பறிச்சேன்மா. அப்புறம் மனசு கேக்கல. கூடையில ஒரு முத்தல் கிடந்தாலே தோட்டத்து மேஸ்திரி மானத்தை வாங்கிடுவார். மருமகளுக்குப் போய் அதையா அனுப்புறதுன்னு தூரப் போட்டுட்டு, நல்லதா பறிச்சேன்."

"உங்க நல்லதால என் நாலு வருஷப் படிப்பு போச்சு. சொன்னதை மட்டும் செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

அத்தை போனை வைத்துவிட்டார்.

"எங்கம்மாகிட்டயா கத்துன?" என்றார் கணவர். ஆமாம் என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

இன்று பதினொரு மணிக்கு லேப் வாசலில் அத்தை நிற்கிறார். விடியுமுன் பஸ் பிடித்திருக்கிறார். கையில் பை நிறைய முற்றிய இலை.

"ராத்திரியே டார்ச் அடிச்சுப் பறிச்சேன். ஒரு கொழுந்துகூட இல்ல. மூணு தடவை பார்த்துட்டேன்" என்றார்.

இரண்டு இலையையும் தனித்தனியாக வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டு, குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். சத்து இருந்தால் ஊதா போய் மஞ்சளாகும். வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

"நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தை."

"நீ கத்துனதுக்கா வந்தேன்? படிப்பு போச்சுன்னு சொன்னியே, அதுக்கு வந்தேன்."

கறை ஏறிய விரல்களை மடியில் வைத்திருந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

நேரம் முடிந்து குழாய்களை எடுத்தேன். கொழுந்துச் சாறு விட்டது பளிச்சென்று மஞ்சள். மற்றதிலும் ஊதா பாதிக்கு மேல் போயிருந்தது. மிஷினும் அதையே சொன்னது.

"இதுலயும் இருக்கா?"

"இருக்கு அத்தை. கொஞ்சம் கம்மி. ஆனா இருக்கு."

"பாவம். இத்தனை வருஷமா இதுக்குத்தான் திட்டு வாங்கினோம்" என்று ஒரு இலையை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

படிவத்தில் 'மாதிரி சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதி முடித்து, பேனாவை மூடிக் கொடுத்தார்.

"இனிமே திட்டணும்னா போன்ல வேணாம்மா. வீட்டுக்கு வந்து திட்டு. ரெண்டு நாள் இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."