ஆறு விநாடி மௌனம்

கூட்டத்துக்குக் கிளம்பும்போதே குழல்காரர் மனைவியிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

"நீ வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன். போதுமா? வண்டியை எடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்திய மனுஷருக்கு அந்த விவரம்கூட வேண்டாமா? ஆனால் அவர் மனசெல்லாம் நூலகத்து மேடையில் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையின் பையில் நல்ல பேனாவைச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அவளுக்குத் தெருவில் கோரஸம்மா என்று பெயர். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸ் பாடியவள். கோரஸ் பாடுகிறவர்களின் பெயர் எந்த இசைத்தட்டின் உறையிலும் இருக்காது. 'குழுவினர்' என்று ஒரே சொல்லில் பன்னிரண்டு பேரை அடைத்துவிடுவார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு பாட்டைத் தவிர.

அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் குறைவு. இரண்டாவது சரணம் முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். ஆறு விநாடி ஒன்றுமே கேட்காது. பிறகு ஒரு பெண் குரல், சொல் எதுவும் இல்லாமல், மெல்ல ஹம்மிங் செய்யும். அதன் கடைசியில் புல்லாங்குழல் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த ஆறு விநாடி மௌனத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எல்லாம் குழல்காரரின் மேதைமை என்றார்கள். வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்காமல் விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று வியந்தார்கள்.

துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மனுஷர் தூங்கிவிட்டார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது ஒலிப்பதிவு. எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஏழு தடவை பாழாகியிருந்தது. எட்டாவது தடவை, அவர் முறை வந்தபோது, குழலை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மைக் முன்னால் நின்றிருந்த கோரஸம்மாவுக்கு ஒரே கால்வலி. ஒன்பதாவது தடவை நிற்க அவளால் ஆகாது. குழல் வாசிக்க வேண்டிய மெட்டை அவளே ஹம்மிங்காக எடுத்துவிட்டாள். சத்தம் கேட்டு விழித்தவர் கடைசி வரியில் வந்து ஒட்டிக்கொண்டார். இசையமைப்பாளர் திட்டுவதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், இதுவே நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

அடுத்த வருடமே குழல்காரர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். சாட்சியை வீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது என்று நினைத்தாரோ என்னவோ. முதல் பேட்டியில், "அது சும்மா ஒரு யோசனை" என்றுதான் சொன்னார். பேட்டிக்குப் பேட்டி அந்த யோசனைக்குக் கை கால் முளைத்தது. ஹம்மிங் யாருடையது என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். பெயரைச் சொன்னால், அவள் எதற்குக் குறுக்கே பாடினாள் என்று அடுத்த கேள்வி வரும் அல்லவா? "சமயம் வரும்போது சொல்றேன்" என்பது அவர் வீட்டில் தருகிற வாக்குறுதி.

அந்தச் சமயம் இன்றைக்கு வராவிட்டால் இனி வராது. இன்று அவரோடு மேடையில் உட்காரப் போகிற நூலாசிரியர், இசைத்தட்டுகளின் வரலாற்றை அறுநூறு பக்கத்தில் எழுதியவர். அதன் இரண்டாம் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. 214ஆம் பக்கத்தில், "இக்குரல் யாருடையது என்று தெரியவில்லை, முதன்மைப் பாடகியே குரலை மாற்றிப் பாடியிருக்கலாம்" என்று இருக்கிறது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்த முதன்மைப் பாடகிக்கு அந்த ஹம்மிங் வராது என்பது கோரஸம்மாவின் கருத்து. அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. தான் செத்த பிறகும் இந்த வரி அலமாரியில் உட்கார்ந்திருக்குமே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நூலகத்தில் மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமை மாலையில், இசைக்கலைஞர் ஒருவரும் எழுத்தாளர் ஒருவரும் சேர்ந்து இசை வரலாறு பேசுவார்கள். மாடியில் பத்திரிகைகள் படிக்கும் கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. முன்பெல்லாம் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 'ஒரு சின்னக் கேள்வி' என்று ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிடம் தன் சுயசரிதையைச் சொன்ன நாளோடு நூலகர் மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். இப்போது சீட்டுதான். கணினி வந்தபிறகு வேலையில்லாமல் கிடந்த பழைய நூற்பட்டியல் அட்டைகளின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதி, ஓர் இழுப்பறையில் போட வேண்டும்.

"பேரு எழுத வேண்டியதில்லை," என்று நூலகர் அறிவித்தார். அவர் கண்டிப்பான பெண்மணி, நாற்பது வயதிருக்கும்.

அதைக் கேட்டதும் கோரஸம்மா ஐந்து அட்டை எடுத்துக்கொண்டாள்.

பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. நூலாசிரியர் பாட்டைப் போட்டுக் காட்டினார். ஒல்லியான மனுஷர், பாட்டுக் கேட்கும்போது உண்மையாகவே கண் கலங்கினார். "மூணாவது வரியில அந்தக் குரல் ஒரு இடத்துல லேசா உடையும், கவனிச்சீங்களா? அந்த ஒரு விக்கலைப் பத்தியே நான் அரைப் பக்கம் எழுதியிருக்கேன்" என்றார். கோரஸம்மா கவனிக்காமலா இருப்பாள்? தயாராகாமல் எடுத்த பாட்டு, மூச்சு பத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த உடைசலைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறாரே என்பதில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. குழல்காரர் தன் பங்குக்கு, "மௌனமும் ஒரு ஸ்வரம்தானே" என்றார். கூட்டம் கை தட்டியது. அவள் தட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

நூலகர் இழுப்பறையைத் திறந்து முதல் அட்டையை வாசித்தார். "பதிவின்போது குழல்காரர் நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா?"

"உட்கார்ந்துதான்," என்றார் குழல்காரர்.

"அடுத்தது. அப்போது அவர் கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

குழல்காரர் தண்ணீர் குடித்தார். நூலாசிரியர் முந்திக்கொண்டார். "அருமையான கேள்வி. மூடியிருந்ததுன்னு அங்க வேலை பார்த்தவங்க சொல்லியிருக்காங்க. அப்படி ஒரு ஈடுபாடு."

"டீ எப்போது தருவீர்கள்?" என்றது அடுத்த அட்டை. அது கோரஸம்மாவுடையதல்ல. கூட்டம் முடிந்ததும் என்று நூலகரே பதில் சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார். "அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது ஒலிப்பதிவு?"

"மூணாவது," என்றார் குழல்காரர். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கோரஸம்மா முதல் வரிசையில் கைகட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள்.

"மௌனத்தின்போது குழல் வாயில் இருந்ததா, மடியில் இருந்ததா?"

"அந்த அட்டையைக் கொஞ்சம் குடும்மா," என்று குழல்காரர் கையை நீட்டினார். வாங்கிப் பார்த்தார். இந்தக் கையெழுத்தில் எத்தனை வருடமாக அவர் கடைக்குச் சாமான் சீட்டு கொண்டுபோகிறார்! அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்து, சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று காட்டினாள்.

"கடைசி அட்டை," என்றார் நூலகர். "அந்த ஹம்மிங் யாருடையது?"

நூலாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "அதுதான் யாருக்கும் தெரியாத ரகசியம். ஐயாவை நானே நாலு தடவை கேட்டிருக்கேன். கேட்கும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்துடுது."

குழல்காரர் இருமப் பார்த்தார். இருமல் வரவில்லை. அவருடைய முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்ததும் கோரஸம்மாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

"நான் தூங்கிட்டேன்," என்றார் அவர்.

நூலகர் அட்டையைக் கீழே இறக்கினார்.

"குழல் மடியில இருந்துச்சு. மேதைமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்கிட்டேன். நான் வாசிக்க வேண்டியதை என் வீட்டுக்காரிதான் பாடினா. அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன்."

நாற்பத்தோரு வருடம் காத்திருந்த வார்த்தை. அது வந்து விழுந்ததும் என்ன நடந்தது தெரியுமா? கூட்டம் சிரித்தது. பிறகு எழுந்து நின்று கை தட்டியது.

"பாத்தீங்களா, இதுதான் கலைஞனோட அடக்கம்," என்று நூலாசிரியர் நெஞ்சில் கை வைத்தார். "தன் பெருமையைத் தூக்கி மனைவி கையில குடுக்குறாரு. எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?"

"அடக்கமும் இல்ல, கிடக்கமும் இல்லைங்க. குறட்டைகூட விட்டிருப்பேன்."

கை தட்டல் இன்னும் பலத்தது. பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய்யைச் சொன்னபோது நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் பாராட்டுகிறார்கள். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோரஸம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து மேடைக்குப் போனாள். குழல்காரர் தன் முன்னால் இருந்த மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. உதட்டை மூடியபடியே ஹம்மிங்கை எடுத்தாள்.

அறுபத்தாறு வயதுக் குரல். பழைய வழவழப்பு இல்லை, சுருதியும் முன்பைவிட இறங்கியிருந்தது. முதல் வரியில் கூட்டம் அன்போடு சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. மூன்றாவது வரியில், அந்த இடத்தில், மூச்சு பத்தாமல் குரல் லேசாக உடைந்தது.

நூலாசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் அந்தப் பாட்டை ஆயிரம் தடவையாவது கேட்டவர். மற்றவர்கள் பேச்சை நம்புவார்கள், அவர் காதை நம்புகிறவர்.

"இன்னொரு தடவை பாடுங்கம்மா," என்றார். அவள் பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்போ அந்த ஆறு விநாடி..." என்று குழல்காரரைப் பார்த்தார்.

"தூக்கம்தான்," என்றார் குழல்காரர். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவர் போல இருந்தார். "அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்."

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. நூலாசிரியர் ஒரு பதினாறு பக்க அத்தியாயத்தை மனசுக்குள்ளேயே கிழித்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நேர்மையான மனுஷர். தன் பிரதியைப் புரட்டி 214ஆம் பக்கத்தை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்தார். கோரஸம்மா எட்டிப் பார்த்தாள். 'குரல்: குழல்காரரின் மனைவி' என்று எழுதியிருந்தார்.

"அது பேரு இல்லைங்க," என்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"தெரியும்மா, இப்போதைக்குக் குறிப்புதான். பேரை அப்புறம் கேட்டு வாங்கிச் சேர்த்துடறேன். நிச்சயமா வந்துடும்."

அப்புறம். இந்தச் சொல்லோடுதான் அவள் நாற்பத்தோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். கூட்டத்துக்குக் காட்டுவதற்காக மேசைமேல் நிறுத்தி வைத்திருந்த நூலகத்துப் பிரதியை இழுத்தாள். முதுகில் எண் ஒட்டி, உள்ளே முத்திரை குத்திய பிரதி. கணவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். அவர் மறுக்கவில்லை, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

214ஆம் பக்கம். 'யாருடையது என்று தெரியவில்லை' என்ற வரியை ஒரே கோடாக அடித்தாள். மேலே தன் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எழுதினாள்.

நூலகர் இழுப்பறையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மா, என்ன பண்றீங்க? அது லைப்ரரி புக். அதுல எழுதக் கூடாது. அந்த மை போகவே போகாதும்மா."

"தெரியும்," என்றாள் கோரஸம்மா, மை காய்வதற்காகப் பக்கத்தை ஊதிக்கொண்டே. "அதனாலதான் இதுல எழுதினேன்."