ஆறு ஜிம்மி

ஆறு படங்களையும் வரிசை மாற்றி மாட்டிவிட்டான் ஷங்கர். வரிசை எண்கள் படங்களைச் சுற்றியிருந்த பழுப்புத் தாளில் இருந்தன. அதைக் கிழித்து லாரிக் கண்ணாடியைத் துடைத்துக் கசக்கி எறிந்த பிறகுதான் எண்களைத் தேடினான். நாற்பத்தைந்து வயதில் இப்படியொரு மூளை அமைவதற்கும் கொடுப்பினை வேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

தங்கச்சி அனுசியாவின் முதல் கண்காட்சி அது. மலாக்கா டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. படங்களை ஏற்றிவர லாரி வேண்டும் என்று அவளாகவே கூப்பிட்டிருந்தாள். இருபது வருடமாக அவன் எதைக் கேட்டாலும் "ம்" என்பதைத் தாண்டாதவள். தீபாவளிக்கு வருவாள், முறுக்கைக் கடிப்பாள், "ம்" என்பாள், போய்விடுவாள். அவளே கூப்பிட்டதும் கோபம் தணிந்துவிட்டது என்று நம்பி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

ஆறிலும் இருந்தது ஜிம்மி. ரப்பர் தோட்டத்து வீட்டில் அவர்கள் வளர்த்த செவலை நாய். ஒரு படத்தில் மயிர் மயிராக, பாதி கிழிந்த வலது காதோடு, நாக்கு தொங்க அச்சு அசலாக நின்றது. இன்னொன்றில் கண் இல்லை. அடுத்ததில் காதும் இல்லை. பிறகு வெறும் உடம்பும் நாலு காலும். பிறகு ஒரு செம்மண் தீற்றல். மிச்சமிருந்த ஒன்றில் ஒற்றைக் கோடு. படங்கள் எல்லாம் ஒரே அளவு. கோலத்தைப் புள்ளியில்தானே தொடங்குகிறார்கள் என்று யோசித்த ஷங்கர், கோட்டை முதலிலும் முழு நாயைக் கடைசியிலும் மாட்டினான்.

அனுசியா கீழே ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். முதலில் மாடியேறி வந்தவர் அவளுடைய பழைய ஆசிரியை விஜயராணி.

"என்னப்பா ஷங்கர், இதுக்கு என்னா அர்த்தம்?"

"சோறு போடப் போட உருப்படி ஆவுது டீச்சர். மொதல்ல வெறும் எலும்பு."

"ஒன் வாய் இருக்கே லா!" சிரித்த டீச்சர் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இல்லப்பா. ஒண்ணுமே இல்லாத எடத்துலேர்ந்து ஒரு உயிர் நம்மளத் தேடி ஓடியாருது. எவ்ளோ அழகா இருக்கு."

'தேடி ஓடியாருது' என்றதும் ஷங்கருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முதலாளி தோட்டத்தை விற்றபோது, ஜாசின் ஊர்ப் பக்கத்திலிருந்து செங் என்ற ஊரின் அடுக்குமாடி ஃபிளாட்டுக்குக் குடிபோன லாரியை ஓட்டியது அவன்தான். ஃபிளாட்டில் நாய் கூடாது என்று ஜிம்மியை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். பின்னால் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒன்பது வயது அனுசியா, நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். தலையைத் திருப்பாமலே இவனும் கத்தினான்: "அழாத லா, ஜிம்மி பஸ் புடிச்சு வந்துரும்!" பக்கத்தில் பால் செம்பை மடியில் வைத்திருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். பத்து மணிக்கே பால் பொங்கியது. அரைமணி நேரம் மிச்சமிருந்தது.

அனுசியா மாடிக்கு வந்தாள். சுவரில் இருந்த வரிசையைப் பார்த்தாள். முதலில் இருந்த ஒற்றைக் கோட்டுப் படத்தைக் கழற்றினாள்.

"இப்படியே இருக்கட்டுமேம்மா. ஜிம்மி வர்ற மாதிரி இருக்காம், டீச்சரே சொல்றாங்க."

"ம்."

"எதுக்குத்தான் ஒவ்வொண்ணா அழிச்ச? ஸ்டைலா?"

"நான் எதையும் அழிக்கலண்ணே. லாரி பின்னாலேர்ந்து தெரிஞ்சதத்தான் வரைஞ்சேன். மொதல்ல கண்ணு தெரியல. அப்புறம் காது. அப்புறம் ரோட்டுத் தூசியில செவப்பா ஏதோ ஓடுச்சு. எது வரைக்கும் தெரிஞ்சிச்சோ அது வரைக்கும்."

டீச்சர் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். ஷங்கருக்கு வழக்கம்போல ஒரு நகைச்சுவை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்ட? கோவம் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

"போகலண்ணே. பஸ்ஸுன்னு நீ சொன்னத நம்பி ஒரு வருசம், வர்ற பஸ்ஸுலேர்ந்தெல்லாம் எறங்குறவங்க காலுக்கு நடுவுல தேடிப் பாத்தேன். நீ அன்னிக்குத் திரும்பியே பாக்கல. இப்பவாச்சும் பாக்கட்டும்னுதான் கூப்பிட்டேன்." முழு நாயைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "இத மொதல்ல, அந்தக் கோடியில மாட்டு."

சாமான் தூக்கிய பழக்கத்தில் படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஜிம்மி, நாக்கைத் தொங்கவிட்டு, அவளைப் பார்த்தபடியே தள்ளித் தள்ளிப் போனது.