ஒன்றுமே இல்லாத போன்

டைல்ஸ் கிடங்கில் அவளை எல்லோரும் போர்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவள். வேலை முடிந்து, தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, சங்கத்துக்காரர்கள் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்து ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் கண்ணில் பட்ட எழுத்து எதையும் சும்மா விட்டதில்லை. 'இங்கே துப்பாதீர்' பலகையிலிருந்து லாரியின் பின்பக்கம் வரைக்கும் வாய்விட்டு எழுத்துக்கூட்டி, கடைசிப் புள்ளி வரை படித்து முடித்துவிட்டுத்தான் காலை நகர்த்துவாள். பின்னால் தலையில் பெட்டியோடு நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பேர் அப்படி வந்தது.

கிடங்கில் மறுநாள் வேலைக்கு ஆள் எடுப்பது போனில்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேஸ்திரி ஒரு செய்தி போடுவார். அதற்குக் கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சொல் இருக்கும். முதலில் 'ஆம்' தொட்ட ஆறு பேருக்கு வேலை. மற்றவர்கள் வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

போர்டக்காவிடம் இருந்தது அதே கிடங்கில் பெட்டி தூக்கும் கொழுந்தன் தள்ளிவிட்ட பழைய போன். அதில் மேஸ்திரி மட்டும் பேசவில்லை, ஊரே பேசியது. போன வாரம் நாலு மணிக்கு அவள் செய்தியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது திரையின் மேலேயிருந்து ஒரு பெட்டி இறங்கி, 'உங்கள் போன் மெதுவாக இருக்கிறது, வேகமாக்கவா?' என்று கேட்டது. கீழே பச்சையாக 'ஆம்'. வேலைக்குத்தான் கேட்கிறார்கள், வேகமாக வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து அழுத்தி அமுக்கினாள். மறுநாள் விடியற்காலை கேட்டில் போய் நின்றால் பட்டியலில் அவள் பேர் இல்லை. அவள் சொன்ன 'ஆம்'ஐ எவனோ வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கூத்து. அன்றைக்குக் கேட்டது வேறு எவனோ, பதில் சொன்னது இவள்.

மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் இன்று காலையில் போனே பாட்டரி உப்பி முதுகு பிளந்து கிடந்தது.

கேட்டில் மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெடிச்சுத் தொலைக்கப் போகுது. பேசாம உங்க நம்பரை எடுத்துட்டு உங்க கொழுந்தன் நம்பரைப் போட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து அவனே அமுக்கட்டும். நீங்க வந்து பெட்டி தூக்குனாப் போதும்."

"எனக்கு நாளைக்கு வேலை இருக்கா இல்லையான்னு நான் அவன்கிட்டப் போய்க் கேக்கணுமா?"

"அதுல என்ன குறைஞ்சுபோச்சு? படிச்சும் பிரயோஜனம் இல்லையே உங்களுக்கு."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. புருஷன் மாதக்கணக்கில் தூரத்து லாரியில் கிடப்பவன். அவனைக்கூடக் கேட்டு அவள் வேலைக்குப் போனதில்லை. கொழுந்தன் தங்கமான பிள்ளைதான். ஆனால் சோம்பல் வந்தால் தன் 'ஆம்'ஐயே மறந்துவிடுகிறவன், அண்ணியுடையதையா ஞாபகம் வைப்பான்?

"இன்னிக்கே வேற போன் வாங்கறேன்" என்றாள்.

"நாலு மணி மெசேஜுக்கு உங்க கையாலதான் பதில் வரணும். கொழுந்தன் அமுக்கிக் குடுத்தா எனக்குத் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் நம்பரை மாத்திடுவேன், சண்டைக்கு வரக்கூடாது."

பதினைந்து நாள் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு மத்தியானம் மூன்று மணிக்குக் கடை ஏறினாள். கேட்காமலே கொழுந்தனும் கூட வந்தான். கடையில் இருந்த விற்பனைப் பெண் காலையிலிருந்து நின்ற களைப்பில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நின்றாள். இவர்களைப் பார்த்ததும் காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டு சிரித்தாள்.

"உங்க விலைக்கு இதுதான்கா நல்லாப் போகுது" என்று மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள். "பூட்டுக்கு நம்பரே வேணாம். விரலை வெச்சாத் திறந்துக்கும்."

போர்டக்கா கட்டைவிரலை வைத்தாள். திறக்கவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பத்தும் வைத்தாயிற்று.

"உங்களுக்கு ரேகையே இல்லையேக்கா."

"டைல்ஸ் பெட்டிக்குக் குடுத்துட்டேன். நீ நம்பரே போட்டுக் குடு."

திறப்பதற்கு முன்னாலேயே பூட்டிய திரையில் ஒரு படமும் நாலு வரி எழுத்தும் வந்தன. அவள் படிக்க ஆரம்பித்தாள். "ப... பளபளக்கும்... சருமத்துக்கு..."

"அது விளம்பரம் அண்ணி, தள்ளிவிடுங்க" என்றான் கொழுந்தன்.

"பூட்டின கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கான். யாரைக் கேட்டு ஒட்டினான்?"

"அதை ஆஃப் பண்ணிக்கலாம்கா" என்றாள் விற்பனைப் பெண்.

"பண்ணு. பாக்கறேன்."

அந்தப் பெண் போனின் செட்டிங்ஸுக்குள் போனாள். அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஆறேழு அடுக்கு இறங்கி எதையோ தட்டிவிட்டு மேலே வந்தாள். நோட்டீஸ் போய்விட்டது. ஆனால் உள்ளே திரை முழுக்க அப்பிக்கொண்டு நின்றது ஒரு கூட்டம். சீட்டு விளையாட்டு, ராசிபலன், உடனடிக் கடன், மூன்று தினுசுக் கடை. போர்டக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். பத்தொன்பதாவதைப் படிக்கும்போது அவளுக்குப் பின்னால் வாங்க வந்த இரண்டு பேர் செருமினார்கள். விரல் லேசாகச் சறுக்கியதில் பக்கவாட்டிலிருந்து செய்தித்தாள் மாதிரி ஒன்று சரிந்து வர, எவளோ ஒரு நடிகை புருஷனைப் பிரிந்த கதையையும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"அக்கா, அதெல்லாம் படிக்கறதுக்கு இல்லக்கா."

"படிக்கறதுக்கு இல்லன்னா ஏன் எழுதி வெச்சிருக்காங்க?"

விற்பனைப் பெண் அந்தச் செய்தித்தாளைப் பக்கவாட்டில் தள்ளி மூடினாள்.

"இந்தச் சீட்டாட்டத்தைத் தூக்கு" என்றாள் போர்டக்கா. தூக்கினாள். "இந்தக் கடையைத் தூக்கு." அது அசையவில்லை. "இது போகாதுக்கா. கம்பெனியே வெச்சது."

"அப்போ போன் என்னுதா, கம்பெனியுதா? நான் வெயில்ல வெந்து காசு குடுத்து வாங்குவேன், அவன் அதுல ஆளுங்களைக் குடி வெப்பான், அதுல பாதிப் பேரு காலி பண்ண மாட்டாங்களா?"

கொழுந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அண்ணி, உலகத்துல எல்லாரும் தள்ளிவிட்டுட்டுப் போறாங்க. நின்னு படிக்கறது நீங்க ஒருத்தர்தான். பிரச்சினை போன்ல இல்ல."

"எங்கிட்டதான்னு சொல்ல வர்றியா?" அவள் போனைக் கீழே வைத்தாள். "நீங்கல்லாம் ஆறு வயசுல படிச்சவங்க தம்பி. உங்களுக்குப் படிக்காமத் தள்ளத் தெரியும். எனக்கு அதைச் சொல்லிக்குடுக்கல. எழுத்துன்னு ஒண்ணு எதிர்ல வந்தா என் கண்ணு அதை விட்டு நகராது. அதை மாத்திக்க எனக்கு இஷ்டமும் இல்ல. என்னை மாத்தறதுக்கா கடைக்கு வந்தோம்? போனை மாத்தத்தான வந்தோம்?"

செருமிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் செருமுவதை நிறுத்தினார்.

இன்னும் இரண்டு போன் வந்தது. ஒன்று திறந்தவுடனே பாட்டுப் பாடியது. இன்னொன்று 'வணக்கம், உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று ஆரம்பித்து ஒன்பது கேள்வி கேட்டது. பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை என்று அதையும் ஒதுக்கினாள். கடை கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது.

"இந்த விலைக்கு வேற எதுவுமே இல்லையா?"

விற்பனைப் பெண் கடைசி அடுக்கைப் பார்த்தாள். "ஒண்ணு இருக்குக்கா. ஆனா அது போகாது. யாரும் கேக்க மாட்டாங்க. அதுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா. வெறும் போன்."

"அதை எடு."

செங்கல் மாதிரி தடிமனாக, கறுப்பாக, முதுகு சொரசொரப்பாக இருந்தது. திறந்தாள். எட்டே படங்கள். போன், செய்தி, கேமரா, கடிகாரம் என்று வரிசையாகப் படித்தாள். முடிந்துவிட்டது. இடது பக்கம் தள்ளினாள், ஒன்றும் வரவில்லை. வலது பக்கம் தள்ளினாள், ஒன்றும் வரவில்லை. மேலேயிருந்து எதுவும் இறங்கவில்லை. அப்படியே ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிட்டால் ஒழிய வாய் திறக்காத ஆள் மாதிரி அது சும்மா இருந்தது.

கொழுந்தன் பிடுங்கி அவளை ஒரு படம் எடுத்துப் பார்த்தான். "கேமரா கண்றாவியா இருக்கு. இதுல உங்க மூஞ்சி சட்டி அடி மாதிரி விழுது அண்ணி. பாட்டு, படம் வைக்க எடமும் கம்மி."

"என் மூஞ்சி எனக்குத் தெரியும். எடம் பத்தலன்னா பாட்டையும் வைக்க மாட்டேன், படத்தையும் வைக்க மாட்டேன்." விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள். "பின்னாடி இதுலயும் கூட்டம் வந்து சேருமா?"

"ரெண்டு வருஷத்துக்குக் கம்பெனி அப்டேட் குடுக்கும்கா. அதுல என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னு சொன்னியே, அது போதும். வந்தா அன்னிக்குப் பாத்துக்கறேன்."

பழைய சிம்மைப் பிடுங்கிப் புதியதில் சொருகி, வேண்டியதை ஏற்றி முடிக்கும்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. பில் போடுகிற இடத்துக்கு நகரக்கூட நேரமில்லை. போன் ஒரு தடவை 'டிங்' என்றது.

மேஸ்திரி. போர்டக்கா விரலை வைத்தாள். "நா... ளை... கா... லை..."

"அமுக்குங்க அண்ணி. ஆறு இடம்தான். முந்திக்குவாங்க." கொழுந்தன் தன்னுடைய 'ஆம்'ஐத் தொட்டுவிட்டு அவளுடையதை நோக்கிக் கையை நீட்டினான். அவள் போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முழங்கையால் அவன் கையை ஒதுக்கினாள்.

"படிச்சுட்டுதான் அமுக்குவேன்."

"...ஆ... று... மணி. ரெண்... டு... லோடு." இடையில் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. அந்த ஆறு சொல்லும் அவளுக்காகவே ஒரே இடத்தில் நின்றன. கடைசிப் புள்ளி வரை போனாள். அதற்குப் பிறகுதான் 'ஆம்' தொட்டாள். ஆறாவது ஆள்.

கொழுந்தன் மூச்சை விட்டான். போன் மறுபடி 'டிங்' என்றது. மேஸ்திரி எழுதியிருந்தார்: 'அமுக்கியது யார்?'

"பாத்தீங்களா, சந்தேகம் அவருக்கு. குடுங்க, நான் பேசறேன்."

"நீ பேசினா அவர் சொன்னது உண்மைன்னு ஆயிடும். தள்ளு."

கண்ணாடி மேசையில் போனைக் கிடத்திக் குனிந்தாள். எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். 'நா' கிடைத்தது. இன்னொன்றைத் தேடி எடுத்து வைத்தாள். அனுப்பிவிட்டாள்.

கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "மூணுசுழி போட்டுட்டீங்களே அண்ணி. 'நாண்'னு போயிருக்கு. ரெண்டுசுழி போடணும். அழிங்க, அவர் பாக்கறதுக்குள்ள அழிச்சிடலாம்."

அவள் அழிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே நிமிர்ந்து நின்றாள்.

"இருக்கட்டும். நீ அமுக்கியிருந்தா ரெண்டுசுழில்ல வந்திருக்கும்?"

மூன்றாவது தடவையும் போன் 'டிங்' என்றது. வந்ததை அவள் கடைக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள்.

"சரி போர்டக்கா. ஆறு மணிக்கு வந்துடுங்க."