செரோனியின் வலது கை

நான்கு வருடங்களுக்கு முன்னர், வள்ளத்தில் கிடந்த உடைந்த போத்தல் ஒன்று டிலோனின் மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது. தைத்த பிறகும் ஏழு மாதம் விரல்கள் மரத்துக் கிடந்தன. பிறகு மெல்ல மெல்ல உணர்வு வந்தது. இப்போது அதே கையால்தான் வலை இழுக்கிறான்.

அதனால் மகள் செரோனி பிறந்தபோது அவன் பெரிதாகப் பயப்படவில்லை. பெரிய பிள்ளை. தோள் சிக்கி, வெளியே எடுக்கையில் கழுத்தடி நரம்புகள் அறுந்துபோயின. வலது கை துணிபோலத் தொங்கியது.

"மூண்டாம் மாசம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னவை," என்று மனைவி ஜெனீற்றா நினைவூட்டினாள்.

"எனக்கே ஏழு மாசம் எடுத்தது. பொறும்."

கடலிலிருந்து வந்ததும் அந்தச் சின்னக் கைக்கு எண்ணெய் தடவி நீவிவிடுவான். எட்டாம் மாதம்தான் தீவிலுள்ள தங்கள் ஊரான கரம்பொனிலிருந்து பஸ் ஏறினார்கள்.

டொக்டர் நிலாந்தினி பிள்ளையின் விரலில் ஊசியால் மெல்லக் குத்தினார். செரோனி அழவில்லை. மினுங்கும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வந்தது, டொக்டர். பச்சைப்பிள்ளைக்கு இன்னும் கெதியா வரவேணுமே?" என்றான் டிலோன்.

"உங்கட நரம்பு அறுந்தாலும், முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிற நரம்புக் கலம், அதாவது செல், சாகேல்லை. அதுதான் திரும்ப வளர்ந்தது. பிறந்த பிள்ளையின்ர கலம் அப்பிடியில்லை. தசையிலயிருந்து வளர்ச்சிக் காரணி எண்டு ஒரு புரதம் நரம்பு வழியா வந்தால்தான் அது பிழைக்கும். நரம்பு அறுந்தால் அந்தப் புரதம் வராது. கொஞ்ச நாளிலயே கன கலங்கள் செத்துப்போகும்."

"அந்தப் புரதத்தை ஊசியாப் போடேலாதோ?" என்று டிலோன் கேட்டான்.

"எலிக்குட்டியளில, அறுந்த உடனேயே அந்த இடத்தில வைச்சுப் பார்த்திருக்கினம். கன கலங்கள் தப்பினது. மனிசருக்கு அப்பிடி ஒரு மருந்து இன்னும் இல்லை."

"நாங்கள் மூண்டாம் மாசமே வந்திருந்தால்?" என்று கேட்டாள் ஜெனீற்றா.

டொக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"செத்தது செத்ததுதான், அம்மா. ஆனால் அப்ப வந்திருந்தால் ஒப்பரேசனுக்கு இதைவிட நல்ல நேரமா இருந்திருக்கும்."

திரும்பும் பஸ் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தது.

"நான்தான் மறிச்சனான்," என்றான் டிலோன்.

"ஓம்," என்றாள் அவள். அவனைத் தேற்ற அவளுக்கு இயலவில்லை.

கொழும்பில் செய்த ஒப்பரேசனால் முழங்கை சிறிது மடங்கியது. விரல்கள் அசையவேயில்லை.

மூன்று வயதில் செரோனி கோயிலில் இடது கையால் சிலுவை அடையாளம் போட்டாள். பக்கத்திலிருந்த ஒரு பெண் குனிந்து, "வலது கையால போடவேணும், பிள்ளை," என்றாள். செரோனி இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். டிலோன் எழுந்து வெளியே போனான்.