இரண்டாம் அத்தியாயத்திலிருந்து

எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும் முதல் அத்தியாயத்தை உருவிவிட்டுத்தான் நாவல்களுக்குப் பதிப்பாளர் தேடித் தரும் முகவரின் மேசைக்கு அனுப்ப வேண்டும். அந்த அலுவலகத்தின் முப்பது வருட வழக்கம் அது. முதல் அத்தியாயத்தில் எழுத்தாளர்கள் தொண்டையைக் கனைக்கிறார்கள், பேச்சு இரண்டாவதில்தான் தொடங்குகிறது என்பது முகவர் அம்மாளின் கட்சி.

பதிப்பாளர்கள் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போவார் என்று சிரித்தார்கள். ஆனால் அவர் போனில் "இதைப் போடுங்க" என்றால் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஒப்பந்தம் அனுப்பினார்கள். அவர் வேண்டாமென்ற நாவல் வேறெங்கும் வெளிவந்ததில்லை.

உருவிய தாள்கள் உதவியாளரின் நாற்காலிக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பின்பக்கம் வெள்ளை. போனில் வரும் தகவல்களை அதில் குறித்துக்கொள்வார்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். முகவரின் முதல் எழுத்தாளருடைய மகள். நாலு வயதிலிருந்து முகவரை அத்தை என்று கூப்பிடுபவள். எழுத்தாளர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"வாம்மா. உக்காரு."

"இருக்கட்டும் அத்தை. அப்பா கடைசியா எழுதின கட்டு உங்ககிட்டதான இருக்கு? வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். 'அத்தை படிச்சு முடிச்சதும் உங்கிட்ட தருவா, நீயா போய் நச்சரிக்காதே'ன்னார். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன்."

முகவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார்.

ஐந்து மாதங்களுக்கு முன் வந்த கட்டு அது. எழுத்தாளர் கையால் எழுதுபவர். நகல் எடுக்கும் பழக்கம் இல்லை. முகவர் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து படித்தார். பிடிபடவில்லை. ஒரு பெண் வந்துகொண்டே இருந்தாள். யாரென்று தெரியவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தார். அதைச் சொல்லப் போனை எடுத்தார், வைத்துவிட்டார். எல்லோருக்கும் போகும் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்குள் திரும்பப் பெறாத பிரதிகள் அழிக்கப்படும் என்பது அதன் கடைசி வரி. கடிதம் பூட்டிய வீட்டுக்குப் போனது. எழுத்தாளர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கடைசி வாரத்தில்தான் முகவருக்குத் தெரிந்தது. போய்ப் பார்த்தார்.

"படிச்சியா?" என்று மட்டும் எழுத்தாளர் கேட்டார்.

"படிச்சேன்."

அவர் சிரித்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை என்று முகவர் எடுத்துக்கொண்டார்.

"அது இல்லம்மா" என்றார் முகவர் இப்போது, மகளிடம். "போன மாசம் மெஷின்ல போட்டாச்சு."

"எந்த மெஷின்?"

"தாளைக் கிழிக்கிற மெஷின்."

மகள் உட்கார்ந்தாள்.

உதவியாளர் எழுந்துபோய் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து தேடினார். பதினாறு தாள்களுடன் வந்தார். "இது மட்டும் இருக்கு மேடம்."

முகவர் வாங்கி முதல் தாளைப் படித்தார்.

'இது விற்பதற்கல்ல. மகளைப் பெற்ற மறுநாள் இறந்துபோன என் மனைவியைப் பற்றி எனக்கு நினைவிருப்பதெல்லாம் இதில் இருக்கிறது. நீ படித்துப் பிழை திருத்தி மகளிடம் கொடு.'

மீதியைப் படிக்கவில்லை. மகளிடம் கொடுத்தார். அவள் பதினாறையும் படிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அதில் எழுத்தாளர் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரியில் பேருந்து வந்தது.

"இதுல அம்மா இன்னும் வரவேயில்ல" என்றாள் மகள். "அத்தை, நீங்க படிச்சீங்கல்ல. சொல்லுங்க. எப்படி இருந்தாங்க?"

முகவர் யோசித்தார். ஓரங்களில் தான் பென்சிலால் எழுதியவை முதலில் நினைவுக்கு வந்தன. இழுவை. இங்கே வெட்டலாம்.

"பச்சைக் குடை வெச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"மழை நின்னாலும் மடக்க மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வேகமாப் புரட்டிட்டேம்மா."

மகள் தாள்களைத் தட்டி அடுக்கினாள். கடைசித் தாளின் பின்பக்கத்தில் உதவியாளரின் எழுத்து இருந்தது. விருதுக் குழுத் தலைவர் கூப்பிட்டார், இந்த வருடம் யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

அவள் அதை முகவரின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இது உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்" என்றார் முகவர். "பேசியாச்சு."